சுக்கான் கடித்தவர்கள்

கெண்டைக்காலில் பல் இறங்கியபோதுகூட தல்மேதா சார் மாடியில் நின்று என்னைத்தான் திட்டினார், நாயை இல்லை. "வாரை லூசா விடாதன்னு எத்தனை தடவை சொன்னேன், மடப்பயலே, அது கடிச்சா உன் தப்பு" என்று அவர் கத்த, நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க, சுக்கான் என் காலை விட்டுவிட்டு, கடித்ததே தான் இல்லை என்பதுபோல, யாருமே வராத தெருவைப் பார்த்து வாலை ஆட்டத் தொடங்கியது. ரத்தம் செருப்பு வரைக்கும் வந்தது. வலித்தது. ஆனால் வலிக்கும்போதே, நெஞ்சில் ரொம்ப நாளாக இருந்த ஒன்று, பஸ்ஸில் நம் மடியில் கொடுத்து வைத்த பையை அதற்குரியவர் இறங்கும்போது வாங்கிக்கொண்டு போவாரே, அதுபோல என்னைவிட்டுப் போனது. போனது என்ன என்று தெரியவில்லை. நல்லா இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ரொம்ப நல்லா இருந்தது.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தால் சுவரில் ஒரு பொம்பளைப் படம், மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டு. "யாருப்பா இது?" என்று கேட்டேன். அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முதுகில் கரண்டியால் ஒன்று வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். வடித்த கஞ்சி தரையில் ஓடி அவர் கால்விரலைத் தொட்டபோதும் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நாய் கடித்தால், கடிபட்டவருக்குச் செத்தவர்களில் யார் மேல் அதிகத் துக்கமோ அந்த ஆள் ஞாபகத்திலிருந்தே போய்விடுவார். அவ்வளவுதான். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் சங்குக்குளி காலனியிலும் யாரும் கேட்கவில்லை. கடல் ஏன் உப்பு என்று தூத்துக்குடியில் யார் கேட்கிறார்கள், பாத்தி கட்டி அள்ளுகிறோம், அதுபோலத்தான்.

நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பெயர் லிங்கதுரை. ஏன் விட்டாய் என்று முன்பு யாராவது கேட்டால் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பேன், இப்போது அந்தப் பதிலும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தது ஞாபகம் இருக்கிறது, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனது ஞாபகம் இருக்கிறது, இரும்புக் கட்டில், பச்சைப் போர்வை, எல்லாம் இருக்கிறது. கட்டிலில்தான் ஆள் இல்லை. காலனியில் பாதிப்பேர் கப்பலில் இருப்பவர்கள், மீதிப்பேர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டுக்குப் போய்ப்போய் வருகிறவர்கள், அவர்கள் நாய்களுக்குச் சோறு வைத்து, குளிப்பாட்டி, கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய் வருவது என் வேலை. பதினோரு வருஷம் படித்ததில் வராத பொறுமை நாய்களிடம் எனக்கு வந்தது. நாய்க்காரர்களிடம் வரவில்லை.

அதிலும் தல்மேதா சாரிடம் சுத்தமாக வரவில்லை. கப்பலில் சீஃப் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டையும் என்ஜின் ரூம் மாதிரியே நடத்துவார். நாய்க்குக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர்தான், இடது பக்கம்தான் நடத்த வேண்டும், மீன்தலை கூடாது, "டேய்" என்று கூப்பிடக் கூடாது, நடக்கப் போன இடத்திலிருந்து போன் போட்டு ஒண்ணுக்குப் போச்சா, ரெண்டுக்குப் போச்சா, கெட்டியாவா தண்ணியாவா என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பையன்கள் எல்லாம் கடி வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்கள். சுக்கான் சிப்பிப்பாறை நாய், சாம்பல் நிறம், ஓட ஆரம்பித்தால் நாம் வாருக்குப் பின்னால் காற்றாடி மாதிரி பறக்க வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கொச்சிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார், நான் நாயோடு அங்கேயே தங்கினேன். திரும்பி வந்தவர் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எலே, இந்தச் சேலையெல்லாம் யாருது? எந்த முட்டாப்பய என் பீரோவுல கொண்டாந்து வெச்சான்?" அதெல்லாம் பிலோமினம்மாவின் சேலைகள், அவர் பெண்சாதி, தவக்காலத்தில் இறந்தவர், அடக்கத்துக்கு நானே நடந்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து சார் வீடு திரும்பிய அன்றைக்கே சுக்கான் அவர் கையைக் கடித்ததையும் பார்த்தவன் நான். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று காலனி நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்குக் கடி விழும்வரை.

விஷயத்தைப் புரிந்துகொண்டவர் எஸ்தர் டீச்சர், காலனிச் சங்கத்தின் செயலாளர், கணக்கு டீச்சராக இருந்தவர். "டீச்சர், எங்க வீட்டுல ஒரு பொம்பளைப் படம் மாட்டியிருக்கு, அப்பா யாருன்னு சொல்ல மாட்டேங்காரு, அழுவுதாரு" என்று நான் போய்க் கேட்டபோது, அவர் என் முகத்தையும் பார்த்தார், கால் கட்டையும் பார்த்தார், எதிர்வீட்டு மாடியில் விசிலடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்ட தல்மேதாவையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் புருஷன் படத்தின் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்து, "நாய் இப்ப வீட்டுலதான இருக்கு?" என்று கேட்டார்.

ஆனால் முதலில் வந்தது பாக்கியம் அக்கா. அவர் மகன் ஆன்றோ கடலுக்குப் போய் உடம்புகூடக் கிடைக்காதவன், அதனால் அக்கா அடுப்புப் பற்றவைப்பதையும் தலை சீவுவதையும் விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக் கல்லிலேயே கிடந்தார், ஒவ்வொரு படகாக எண்ணிக்கொண்டு. அவரை யாரோ கூட்டிவந்தார்கள். முட்டுப்போட்டு, நற்கருணை வாங்குகிறவர்போலக் கண்ணை மூடி, முழங்கையை நீட்டினார். சுக்கான் முகர்ந்தது, தயங்கியது, கடித்தது. அக்கா குழாயடியில் புண்ணைக் கழுவி, ஈரக்கையால் முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டு, "ஏ, மணி என்ன, வீட்டுல அரிசி கிடக்கான்னே தெரியலயே" என்று வேகமாக நடந்து போனார். அன்றைக்கு அவர் வீட்டில் சாளைக்குழம்பு கொதித்தது, தெருவே வாசம். படகுப் பையன்கள் சந்தோஷப்பட்டு எட்டிப் பார்த்து "ஆன்றோ இருந்தா ரெண்டு தட்டு தின்னுருப்பான்" என்றார்கள். "எந்த ஆன்றோ?" என்றார் அக்கா.

அதற்கப்புறம் யார் நிற்கிறார்கள். காலனிக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் திரேஸ்புரத்திலிருந்து வந்தார்கள், அப்புறம் திருச்செந்தூர் பக்கமிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எஸ்தர் டீச்சர் காலையில் பெண்களுக்கு, சாயங்காலம் ஆண்களுக்கு என்று வரிசை பிரித்தார், கர்ப்பிணிகள் கூடாது என்றார், வரிசையை மீறி யாரும் கடி வாங்கிவிடாமல் இருக்க நாய்க்குத் தோலில் வாய்க்கூடு தைக்கச் சொன்னார், முறை வந்தவருக்கு மட்டும் நான் அதை அவிழ்க்க வேண்டும். அவரும் கடி வாங்கிக்கொண்டார், அதன்பிறகு இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்தார். முனையில் சர்பத் கடை முளைத்தது. பெரியாஸ்பத்திரி ஊசி வரிசையில் நர்ஸ் "எந்த நாய்?" என்று கேட்பார், "சுக்கான்" என்றால் "யாரு மறந்துபோனாவ?" என்று கேட்பார், "தெரியலயே" என்றால் "அப்ப சரியா கடிச்சிருக்கு" என்று ஊசியைக் குத்துவார்.

கடி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் சுவரில் யாரோ ஒருத்தர் மாலையோடு சிரிப்பதைப் பார்த்துப் பயந்துபோனதால், படத்தைக் கழற்றிவிட்டு வந்தால்தான் கடி என்று டீச்சர் ஒரு சட்டம் போட்டார். கழற்றின படங்களைக் குப்பையில் வைத்தார்கள். குப்பை வண்டிக்காரர்கள் தொட மாட்டோம் என்றார்கள். கடைசியில் தல்மேதா வீட்டுப் பின்சுவர் ஓரமாகச் சாத்திவைத்தோம், கிழவர்கள், கல்யாணக் கோலத்தில் பெண்கள், பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பையன், எல்லோரும் வரிசையில் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களைத்தான் சொல்கிறேன், செத்தவர்களுக்காகக் கோயிலில் முன்கூட்டியே வருஷத்துக்கும் பூசை சொல்லி வைத்துவிடுவார்கள். சாமியார் என்ன செய்வார், கொடுத்த பேரை வாசித்துத்தானே ஆக வேண்டும். "இன்றைய திருப்பலி பிலோமினா தல்மேதாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்பார். முதல் பெஞ்சில் தல்மேதா சார் கையைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விடுவார். "அந்தோணி ராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்பார், ஆன்றோவின் ஞானஸ்நானப் பேர் அது. பாக்கியம் அக்கா பக்கத்துப் பெண்ணிடம் "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்பார். பேர் வாசிக்கும்போது ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வரும் கோயில் அது. இப்போது ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்தான் வந்தது.

எல்லோருக்கும் ஆசை வந்து கடி வாங்கியதாகவும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் அக்கா கடி வாங்கினால் தங்கச்சி தனியாக அழ வேண்டும். "அம்மா இப்படித்தான் மீன் அலசும்" என்று தங்கச்சி சொன்னால் அக்கா "எந்த அம்மா?" என்று கேட்பாள், அந்தக் கேள்விக்கப்புறம் செத்தவர் இரண்டாம் தடவை சாகிறார், இந்தத் தடவை தூக்க நான்குபேர்கூட இல்லை. அதனால் தங்கச்சியும் அடுத்த வாரம் வரிசையில் நிற்பாள். எனக்கும் ஒரு சித்தி உண்டு. அவளும் வந்துபோனாள். அவள் யாருடைய தங்கச்சி என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சித்தி என்று கூப்பிடுகிறேன், "என்ன மக்கா" என்கிறாள், அதற்குமேல் இரண்டுபேருக்கும் பேச ஒன்றும் இல்லை. ஆக, எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பொம்பளையை நினைத்து அழுகிற ஆள் இந்த உலகத்தில் அப்பா ஒருத்தர்தான் மிச்சம்.

சுக்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாப்பிடுவதை நிறுத்தியது. ஒவ்வொரு கடிக்கும் அதன் காத்திருப்பு ஒன்று கூடியது. பாக்கியம் அக்காவைக் கடித்ததிலிருந்து படகு திரும்பும் நேரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடும், கல்லில் ஏறி நின்று ஒவ்வொரு படகாகப் பார்க்கும். பள்ளிக்கூடம் விட்டால் கேட்டுக்கு ஓடிவந்து யூனிபார்ம் போட்ட ஒவ்வொரு பையனையும் முகர்ந்து, இல்லை என்று தலையைத் தொங்கப்போடும். டீச்சர் வீட்டு வாசலில் ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தது, யாருடையது என்று டீச்சருக்கே தெரியாதது, அதைக் கவ்விவந்து தன் சாக்கில் வைத்துக்கொண்டது. ஒரு தடவை என்னைப் பின்னால் வரவைத்து எங்கள் வீட்டுக்கே வந்தது. அடுப்படியில், ஒன்றுமே இல்லாத ஒரு மூலையில், தரையில் மூக்கை வைத்து வெகுநேரம் படுத்துக் கிடந்தது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்தினார், கையைக் கழுவினார். "நோய் ஒண்ணும் இல்ல தம்பி. ஊர்ல ஒருத்தர் செத்தா நாம எத்தனை பேரு துட்டிக்குப் போவோம், ஆளுக்குக் கொஞ்சமா சுமப்போம். அத்தனை வீட்டுத் துட்டியையும் ஒத்தை நாய் எப்படித் தூக்கும்? இனி ஒரு கடி கடிச்சாலும் தாங்குமான்னு எனக்குத் தெரியல."

தல்மேதா சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு, வந்தவர்கள் கொண்டுவந்த மக்ரூன் டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கூட்டம் பிடித்திருந்தது. யாரும் இல்லாத வீடு, ஏன் யாரும் இல்லை என்றுகூடத் தெரியாத வீடு, அதில் ஆள் சத்தம் கேட்பது பிடித்திருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. "டாக்டர் கிடக்கான். அது கடிக்க மாட்டேங்குன்னா காதைத் திருகு, கடிக்கும்" என்றார். திருகினேன். கடித்தது. கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. வழக்கமாக அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது, வெள்ளை அடித்து, பூ வைத்து, கல்லறைக்குக் கல்லறை மெழுகுவர்த்தி எரியும், பிள்ளைகள் உருகின மெழுகை உருட்டி விளையாடும். அந்த வருஷம் நானும் சுக்கானும்தான் போனோம், அதுதான் இழுத்துக்கொண்டு போனது. புல் முழங்கால் வரைக்கும் நின்றது. அது ஒவ்வொரு கல்லறையாகப் போய் நின்றது, ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கால் வலித்தது, பசித்தது, வா போவோம் என்று இழுத்தேன். அது வரவில்லை.

அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர், பெயர் தங்கப்பழம். தினமும் வெயிலில் வெடித்த காலோடு வந்து, எனக்குச் சோறு போட்டு, படத்துக்குக் கீழே சாய்ந்து உட்காருவார். முதலில் எனக்குச் சொல்லிப் பார்த்தார். "உனக்கு வாய் ஜாஸ்தி, அப்படியே அவளுக்க வாய்" என்பார். "அப்படியா" என்பேன். வேறு என்ன சொல்ல முடியும், தெரியாத ஆளுக்காக அழுதுகாட்ட எனக்கு வராது. கொஞ்சநாளில் சொல்வதை நிறுத்திவிட்டார். அப்புறம் ஒருநாள் வேலைக்குப் போகாமல், கோழி அடிக்காமல், காய்கறியாகச் சமைத்து, இரண்டு இலை போட்டுவிட்டு, காக்காய்க்கு வைக்க மொட்டைமாடிக்குப் போனார். எனக்குப் பசி. ஒரு இலையைத் தின்றேன், அப்பாவுக்குச் சட்டியில் சோறு இருந்ததால் இரண்டாவதையும் தின்றேன். இறங்கி வந்தவர் வழித்த இலைகளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வரிசையில் அப்பா நின்றார். காலையில் பெண்கள் வரிசை, அதில் ஒரே ஆம்பளையாக, முகம் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு நின்றார்.

"ஏ அண்ணாச்சி, இது பொம்பளைய வரிசைலா" என்று ஒரு அக்கா சொன்னாள்.

"நான் உப்பளத்துக்குப் போவணும் தாயி. சாயங்காலம் வர முடியாது."

"விடு விடு, நம்ம லிங்கத்துக்க அப்பாதான" என்று எஸ்தர் டீச்சர் அவரை முன்னால் அனுப்பினார். "படத்தைக் கழத்திட்டீரா?"

"சைக்கிள்ல கட்டியிருக்கேன்."

நான் சுக்கானின் பக்கத்தில் முட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அதன் விலா எலும்புகள் என் கையில் ஒவ்வொன்றாக இடித்தன. "எதுக்குப்பா வந்தீங்க?" என்றேன்.

"எல்லாரும் எதுக்கு வாராவ? அதுக்குத்தான்."

"டாக்டர் இனிமே கடிக்கவைக்கக் கூடாதுன்னாரு. நாய் செத்துரும்."

"அவ செத்தா. அதைவிடவா." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வரிசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நேத்து அவளுக்குத் தெவசம்ல. அவளுக்குப் போட்ட இலையை நீ தின்னுட்டு, மோர் இருக்கான்னு கேட்ட. ஏல, நான் ஒத்தையில எம்புட்டுதாம்ல தூக்க? நீ ஒரு நுனியைப் பிடிச்சாக்கூடப் போதும்னு பாத்தேன். உன்னைக் குத்தம் சொல்லல. உனக்குக் கை இல்ல."

"அந்த அம்மா பேரு என்ன?"

அவர் நிமிர்ந்தார். இத்தனை நாளில் நான் அதைக் கேட்டதே இல்லை. "ஜெயக்கனி" என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் கலங்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. வகுப்பில் வருகை எடுக்கும்போது வேறு யார் பேரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பேரைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஒன்று வந்துபோனதைப் பார்த்தேன். சிரிப்பா, வலியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஒரு ஆள் உள்ளே இருந்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த ஆளுக்கு இருக்க வேறு வீடு கிடையாது.

"அடுத்தது யாருடே, என்ன அங்க பேச்சு?" என்று தல்மேதா சார் வராந்தாவிலிருந்து கத்தினார். "அவுரு, அவுரு. அது முரண்டு பிடிச்சா காதைத் திருகு."

"சட்டுனு முடி லிங்கம், வெயில் ஏறுது பாரு" என்றார் டீச்சர். "பெத்த அப்பன்ல, நிம்மதியா இருக்கட்டும்" என்று வரிசைக்கு வெளியே வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சொன்னார்கள், அதைச் சொன்னது என் சித்தி. சுக்கான் தலையைத் தூக்கவில்லை. வாய்க்கூட்டோடு மூக்கை மட்டும் நகர்த்தி, அப்பாவின் வெடித்த காலருகே வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

அப்பா சட்டைக் கையை மேலே மடித்தார். பனியனுக்குள் வெயில் படாத இடம்வரை மடித்து, கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "அவுருல" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னிடம் கெஞ்சியதே இல்லை. "அப்பா சொல்லுதேம்லா. அவுருய்யா."

வாய்க்கூட்டு வாரின் கொக்கி என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. நான் அவிழ்க்கவில்லை.